தலைச்சுற்றும் தள்ளாட்டமும்

காய்ச்சல் என்று ஒருவர் படுத்துவிட்டால் வீட்டார் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றனர். சூடு கையிலே தெரிகின்றது. கை முறிந்தவரின் கட்டினைக் கண்டால் அயலவரும் நின்று இரண்டு வார்த்தை விசாரித்துச் செல்கின்றனர். தலைச்சுற்றுக்கு மட்டும் அத்தகைய புற அடையாளம் எதுவும் இல்லை. அதனால் வருந்துபவர் பார்வைக்கு நல்ல சுகமுடையவராகவே இருக்கின்றார். உண்கின்றார், உரையாடுகின்றார், கதிரையில் அமர்ந்து பத்திரிகை படிக்கின்றார். ஆயினும், எழுந்து நான்கடி நடக்க வேண்டுமென்றால் அவர் நெஞ்சு படபடக்கின்றது. நிலம் தம்மை ஏந்துமோ, கைவிடுமோ என்னும் ஐயம் அவரை வாட்டுகின்றது.

நீரிழிவு, குருதி அமுக்கம், சிறுநீரக நோய், இருதய நோய், பார்க்கின்சன் நோய் முதலிய நீண்டநாள் நோய்களோடு வாழ்பவர்களுக்கு இவ்வுபாதை அடிக்கடி நேர்கின்றது. அந்நோய்களுக்கு மருந்துண்டு, கிளினிக் உண்டு, நாள் குறித்த கொப்பியும் உண்டு. அவற்றின் நிழல்போல வரும் தலைச்சுற்றையோ, “வயது போனால் இப்படித்தான்” என்று சொல்லித் தள்ளிவிடுகின்றோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் 684,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர் என்றும், எதிர்பாராக் காயங்களினால் விளையும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் வீழ்ச்சிக்கே உரியதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே, இதனைச் சிறு விடயமென்று ஒதுக்குதல் தகாது.

நேயர்களுக்கு இன்று நாம் எடுத்துக்கூற விரும்புவது ஒன்றே. தலைச்சுற்றுக்கு அஞ்சி அசையாதிருத்தல் தலைச்சுற்றினும் கொடியது. உடலின் சமநிலை பயிற்சியினாற் பலப்படும், பயிற்சியின்மையாற் கெடும். அதனை அறிந்துகொண்டால், நோய் நீங்காவிடினும் நோயாளி தம் வீட்டிலும் வெளியிலும் நடமாடும் உரிமையை இழக்க வேண்டியதில்லை.

மூன்று சாட்சிகள்

நிற்பது எளிய செயலாகவே நமக்குத் தோன்றுகின்றது. ஆனால், நாம் நிற்கும் ஒவ்வொரு கணமும் மூன்று சாட்சிகள் மூளைக்கு இடைவிடாது செய்தி சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதற் சாட்சி கண். சுவர் நேராக இருக்கின்றதா, நாம் சாய்கின்றோமா என்பதை அது கண்டு சொல்கின்றது. இரண்டாஞ் சாட்சி உட்காது. ஒவ்வோர் உட்காதிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழாய்கள் உணர்த்துகின்றன. தலை சாய்வதையும், முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்வதையும் பைகள் உணர்த்துகின்றன. மூன்றாஞ் சாட்சி நம் பாதங்களும் மூட்டுக்களும். தரை கல்லா, மணலா, மேடா, பள்ளமா என்பதை அங்குள்ள நரம்புகள் அறிவிக்கின்றன.

மூன்று சாட்சிகளும் ஒரே வாக்கைச் சொன்னால் மூளை அமைதியாக இருக்கும். ஒன்று மாறிச் சொன்னால் குழப்பம், அக்குழப்பமே தலைச்சுற்று. ஒன்று வாய் மூடினால் மற்ற இரண்டும் பாரத்தைச் சுமக்கும். இரண்டு ஒருங்கே தளர்ந்தால் ஆள் விழ நேரிடும்.

இவ்வுண்மையைச் சோதித்தறியும் முறையொன்றைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பெர்லின் நகரத்து வைத்தியராகிய றோம்பேர்க் என்பவர் விளக்கினார். பாதங்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கண்ணை மூடும்படி சொல்வதே அச்சோதனை. பாதத்தின் உணர்வு குன்றியவர், கண் திறந்திருக்கும் வரை நிற்பார், மூடியதும் தள்ளாடுவார். இன்றும் வைத்தியர்கள் இதனைக் கையாள்கின்றனர். நம்மூர்க் கிணற்றடியிலும் அறியாமலே இச்சோதனை நடைபெறுகின்றது. சவர்க்காரம் பூசி முகங்கழுவக் கண்ணை மூடியதும் முன்னே சரிகின்றவர் பலர். “கிறுதி வந்தது” என்பார்கள். தலையிலே குற்றமில்லை, பாதம் பேசாதிருந்த வேளையில் கண்ணும் மூடிக்கொண்டதே காரணம்.

நீரிழிவு நோய் இம்மூன்று சாட்சிகளையும் தாக்க வல்லது. கண்ணின் விழித்திரையைக் கெடுக்கின்றது. பாதத்தின் நரம்புகளை மரத்துப் போகச் செய்கின்றது. உட்காதின் சமநிலைப் பகுதியையும் அது விட்டுவைப்பதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பல்லாண்டாக நீரிழிவுள்ளவர் இருட்டில் நடக்கத் தடுமாறுவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

ஒரு சொல், பல நோய்கள்

தலைச்சுற்று என்னும் ஒரு சொல்லால் நாம் பல வேறு நிலைகளைக் குறிக்கின்றோம். வைத்தியரிடம் செல்வோர் அவற்றை வேறு பிரித்துக் கூற அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முதலாவது, உலகமே சுழலும் நிலை. படுக்கையிற் புரளும்போதும், படுக்கையிலிருந்து எழும்போதும், கொடியிலே சீலை காயப்போட அண்ணாந்து பார்க்கும்போதும் அறை முழுவதும் சுழல்கின்றது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றது. உட்காதுப் பையிலே இயல்பாக அமைந்துள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுவதே இதற்குக் காரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் எப்பொருளால் ஆனதோ, அத்துகள்களும் அப்பொருளால் ஆனவையே. மணலினும் நுண்ணிய அத்துகள்கள் ஆளையே வீழ்த்திவிடுகின்றன!

இந்நோயின் வரலாறு சுவையுடையது. வியன்னா நகரிலே காது வைத்தியராக இருந்த றொபேட் பாரானி என்பவர், நோயாளரின் காதை நீர் பாய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். நீர் உடற்சூட்டிலும் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு புறமாகவும், சூடாக இருந்தால் மறுபுறமாகவும் துடித்தன. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, உட்காதின் தொழிலை விளக்கினார். அதற்காக 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். சிறு வயதில் எலும்பில் உண்டான காசநோயினால் அவருடைய முழங்கால் ஒன்று மடங்காது விறைத்துப் போயிருந்தது என்பதும், அதனோடே அவர் மலைப்பாதைகளில் நடந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

பிற்பாடு 1952 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த டிக்ஸ், ஹோல்பைக் என்னும் இரு வைத்தியர்கள், நோயாளியை விரைந்து படுக்கச் செய்து தலையை ஒருபுறம் திருப்பி, கண் துடிப்பைக் கண்டு இந்நோயை உறுதி செய்யும் முறையை வகுத்தனர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தவரான எப்லி என்னும் வைத்தியரோ, தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடும் முறையை வகுத்து, 1992 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிட வேலை. பெரும்பாலோர்க்கு ஒன்றிரண்டு முறையிலேயே சுழற்சி நின்றுவிடுகின்றது. இத்தகைய தலைச்சுற்றுக்கு மாதக்கணக்காகக் குளிசை விழுங்குவோர் இதனை அறிதல் வேண்டும்.

இரண்டாவது, எழுந்து நின்றதும் கண் இருளும் நிலை. நாம் எழுந்து நிற்கும்போது அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகின்றது. நல்ல உடலில் நரம்புகள் உடனே குருதிக் குழாய்களை இறுக்கி, மூளைக்குக் குருதி குறையாது காக்கின்றன. நீரிழிவும் பார்க்கின்சன் நோயும் அந்நரம்புகளைத் தளர்த்திவிடுகின்றன. குருதி அமுக்கத்துக்கான குளிசைகளும், சிறுநீரைப் பெருக்கும் குளிசைகளும், உடலில் நீர் வற்றுவதும் இந்நிலைக்குத் துணை செய்கின்றன. சிறுநீரக நோயாளருக்குக் குருதிச் சுத்திகரிப்பு முடிந்த கையோடு இது நேர்வதுண்டு. படுத்திருக்கையில் ஒரு தடவையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுதடவையும் அமுக்கத்தை அளந்தால் உண்மை வெளிப்படும். மேல் அளவு 20 ஆயினும், கீழ் அளவு 10 ஆயினும் குறைந்தால் அதுவே காரணமென்று கருதுவர். கிளினிக்கில் இருந்தபடி மட்டும் அளந்தால் இது தெரியவராது. நின்ற நிலையிலும் அளந்து பார்க்கும்படி நோயாளி பணிவுடன் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, குருதியிற் சீனி குறையும் நிலை. இன்சுலின் ஏற்றுவோருக்கும், சிலவகை நீரிழிவுக் குளிசை உண்போருக்கும் உணவு பிந்தினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தலை கிறுகிறுக்கும், சிலர் காரணமின்றிச் சினப்பர். அளந்து பார்த்தால் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிலும் குறைந்திருக்கும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியையோ குளுக்கோசையோ நீரிற் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து பார்த்தல் வேண்டும். குறைவு நீங்காவிடின் மீண்டும் அவ்வாறே செய்க. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றுதல் கூடாது.

நான்காவது, தலை தெளிவாயிருக்கக் கால் மட்டும் தள்ளாடும் நிலை. பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கின்றது என்பார்கள். செருப்புக் கழன்றதும் தெரியாது. பாத நரம்பு மரத்ததன் விளைவு இது. நீரிழிவே இதற்குப் பெருங் காரணம். எனினும் வேறொரு காரணத்தையும் சைவ உணவினர் மனத்திற் கொள்ளல் வேண்டும். நரம்புக்கு இன்றியமையாத விற்றமின் பி 12 மரக்கறி உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. நீரிழிவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெற்போமின் குளிசையோ நாட்பட உண்ணும்போது அவ்விற்றமின் உடலிற் சேர்வதைக் குறைக்கின்றது. மரக்கறி மட்டும் உண்டு, ஆண்டுக்கணக்காக மெற்போமினும் எடுப்பவர் பாத மரப்பை உணர்ந்தால், பி 12 அளவைச் சோதிக்க வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்டல் நன்று. அக்குறை ஊசியாலோ குளிசையாலோ நிரப்பக்கூடியது. காலத்தோடு நிரப்பாவிட்டால் நரம்பு மீளாது போதலும் உண்டு.

இந்நான்கும் ஒருவரிடமே கலந்து வருதலும் இயல்பே. ஆகையால், ஒரு கொப்பியில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். சுற்றியது உலகமா, இருண்டது கண்ணா, தள்ளாடியது காலா? எத்தனை நேரம் நீடித்தது? அப்பொழுது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கடைசியாக உணவும் குளிசையும் எடுத்தது எப்போது? இரு கிழமைக் குறிப்பு கையில் இருந்தால், சில நிமிடமே கிடைக்கும் கிளினிக்கிலும் வைத்தியர் வழி காண்பார். வீட்டில் உண்ணும் குளிசைகள் எல்லாவற்றையும், ஆயுர்வேத மருந்துகளும் அடங்கலாக, ஒரு பையில் எடுத்துச் செல்லுதல் மிக நன்று.

தலைச்சுற்றுக்கு அஞ்சிப் ‘பிறசர்’ குளிசையைத் தாமே நிறுத்துவோரும் உளர். அது பெருந் தவறு. அமுக்கம் திடீரென ஏறினால் பாரிசவாதம் வரலாம். குறைப்பதும் மாற்றுவதும் வைத்தியரின் பொறுப்பு. அதுபோலவே, புறோகுளோர்பெரசீன், சினரிசின் முதலான தலைச்சுற்றுக் குளிசைகளை வைத்தியர் சொன்ன சில நாட்களுக்கு அப்பால் தாமே வாங்கி உண்ணுதலும் தகாது. அவை மூளையை மந்தப்படுத்தி, அது சமநிலையை மறுபடி கற்பதைத் தாமதிக்கச் செய்யும். முதியோரிடம் நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்குதலும் உண்டு.

அச்சம் என்னும் இரண்டாம் நோய்

நாம் அறிந்த குடும்பமொன்றில் நிகழ்ந்ததை இங்கு கூறுதல் பொருத்தமாகும். வலிகாமப் பகுதியில் வாழும் மூதாட்டியார் ஒருவர். நீரிழிவுடன் இருபது ஆண்டு வாழ்ந்தவர். ஒரு நாட் காலையில் முற்றத்துக் கொடியிலே சீலை விரிக்க அண்ணாந்தார். உலகம் சுழன்றது, வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காயம் எதுவும் இல்லை. ஆயினும் அன்று முதல் அவர் முற்றத்துக்குப் போவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளிற் கோயிலுக்குப் போவதும் நின்றது. பின்னர் விறாந்தைக்கு வருவதும் குறைந்தது. மகளோ அன்பு மிக்கவர். தாயார் எழ முயலும்போதெல்லாம், “நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்” என்று ஓடி வருவார். தேநீர் கதிரைக்கு வந்தது. சோறு கதிரைக்கு வந்தது.

எட்டு மாதஞ் சென்றபின், மூதாட்டியார் கதிரையின் கைகளை ஊன்றாமல் எழ முடியாதவரானார். ஓரிரவு மலசலகூடத்துக்குச் சென்று திரும்புகையில் உண்மையாகவே விழுந்தார். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது இளம் வைத்தியர் ஒருவர் அவரைக் கட்டிலிற் படுக்க வைத்துத் தலையைத் திருப்பிக் கண் துடிப்பதைக் கண்டார். நாம் மேலே கூறிய எப்லி முறையைச் செய்தார். அடுத்த கிழமையும் ஒரு தடவை செய்தார். அதனோடு சுழற்சி நின்றது. ஆனால், எட்டு மாத இருப்பினால் மெலிந்த கால்கள் அத்துணை எளிதில் மீளவில்லை. இயன்மருத்துவர் சொன்ன பயிற்சிகளை நாள்தோறும் செய்து, பொல்லூன்றிக் கோயில் வாயில் வரை அவர் நடக்க மேலும் ஆறு மாதமாயிற்று. சுற்றுத் தீர்ந்தது சில நிமிடத்தில். அச்சத்தின் கேடு தீர்ந்தது அரையாண்டில்.

அம்மகளைக் குறை கூறுவார் யார்? நம்மில் எவரும் அதனையே செய்திருப்போம். ஆயினும் அன்பே கட்டிலாகிவிடக் கூடாது. விழுவோம் என்று அஞ்சுபவர் அசையாதிருக்கின்றார். அசையாதிருப்பவரின் தசை மெலிகின்றது. தசை மெலிந்தவர் மெய்யாகவே விழுகின்றார். இச்சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியாதல் வேண்டும்.

மூளை கற்கும் பாடம்

1952 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றிலே, தம் முழுப் பெயரை வெளியிடாது ஒரு வைத்தியர் தமது அனுபவத்தை எழுதினார். காசநோய்க்காக அவருக்கு ஏற்றப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் மருந்து, இரு உட்காதுகளின் சமநிலை உணர்வையும் அழித்துவிட்டது. படுக்கையில் அசையாது கிடந்து புத்தகம் படிக்க முயன்றால், நாடித் துடிப்பினாலே தலை அசைவதும் எழுத்துக்களைத் துள்ளச் செய்தது. கட்டிலின் தலைப்புறக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துக்கொண்டே அவர் படித்தார். நடந்துகொண்டு பார்த்தால் எதிர்வருவோர் முகம் தெரியாது. நின்று பார்த்தாலே தெரியும். இழந்த உணர்வு அவருக்கு மீளவில்லை. ஆயினும், எஞ்சிய இரு சாட்சிகளாகிய கண்ணையும் காலையுங் கொண்டு மெல்ல மெல்ல நடமாடக் கற்றுக்கொண்டார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1940 களில், இலண்டனிலே கோதோன் என்னும் காது வைத்தியர் ஒன்றைக் கண்டறிந்தார். உட்காது கெட்டவர்களுள் படுத்தே கிடந்தவர்களினும், எழுந்து நடமாடத் துணிந்தவர்கள் விரைவிற் சுகமடைந்தனர். அவரும் குக்சி என்னும் வைத்தியரும் சேர்ந்து கண்ணுக்கும் தலைக்கும் காலுக்குமான படிமுறைப் பயிற்சிகளை வகுத்தனர். இக்காலத்து இயன்மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகள் பல அவற்றின் வழி வந்தவையே. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 1990 களில் முதியோருக்கென வகுத்த வீட்டுப் பயிற்சி முறையோ, வீழ்ச்சிகளை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைத்தது என்று கண்டனர்.

வைத்தியரின் அனுமதி பெற்றபின் வீட்டிலே செய்யக்கூடிய மூன்றை இங்கே தருகின்றோம். முதன்முறை செய்யும்போது ஒருவர் அருகில் நிற்றல் அவசியம்.

ஒன்று: கதிரையில் இருந்தபடி கையை நீட்டிப் பெருவிரலைப் பார்க்க வேண்டும். கண் விரலை விட்டகலாதிருக்க, தலையை மட்டும் இடமும் வலமும் மெல்லத் திருப்ப வேண்டும். பின்பு மேலும் கீழுமாகச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் அரை நிமிடம் போதும். சிறிது கிறுதி வரும். அது சில நிமிடத்தில் அடங்குமானால் அஞ்ச வேண்டியதில்லை. கழுத்து வருத்தமுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாது இதனைச் செய்தலாகாது.

இரண்டு: சுவரோடு சார்த்திய உறுதியான கதிரையில் இருந்து, இயன்றவரை கையை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் மெல்ல இருக்க வேண்டும். ஐந்து தடவையில் தொடங்கிப் பத்தாக்கலாம். தொடைத் தசைகளுக்கு இதனினும் எளிய மருந்து வேறில்லை.

மூன்று: குசினியின் சீமெந்து மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் முன் மற்றப் பாதத்தை வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்க வேண்டும். நாட்பட இரு கையை ஒரு கையாகவும், ஒரு கையை ஒரு விரலாகவும் குறைத்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்வதே பயன் தரும். ஒரு நாள் முழுவதும் செய்துவிட்டு ஒரு கிழமை விடுவதால் வருவது களைப்பு மட்டுமே.

வீட்டிலும் வெளியிலும்

காலையில் கண் விழித்ததும் துள்ளி எழுதல் கூடாது. படுத்தபடியே பாதங்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்து, பின் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடமேனும் இருந்து, அதன்பின் எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். எழுவதற்கு முன் ஒரு குவளை நீர் குடித்தல் அமுக்கம் விழாமற் காக்கும். நீரளவு கட்டுப்படுத்தப்பட்ட சிறுநீரக, இருதய நோயாளர் மட்டும் வைத்தியர் சொன்ன அளவை மீறலாகாது. வயிறு நிறையச் சோறு உண்டவுடனும் அமுக்கம் குறைவதுண்டு. ஆகவே மத்தியான உணவைச் சிறிதாக்கி, உண்டபின் சற்று இருந்து எழுதல் நலம்.

இரவிலே கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் இடையிலான வழியில் சிறு மின்குமிழ் ஒன்று எரியட்டும். தலையணைக்கருகே ஒரு ரோச் விளக்கும் இருக்கட்டும். வாயிலிற் போடும் கால் துடைக்கும் சாக்கு எத்தனையோ பேரை வீழ்த்தியிருக்கின்றது, அதனை அகற்றிவிடுக. குளியலறைத் தரையை ஈரமின்றி வைத்து, சுவரில் உறுதியான இரும்புப் பிடி ஒன்று பொருத்துக. துவாய் போடும் கம்பி ஆளைத் தாங்காது. கிணற்றடியிலும் குளியலறையிலும் உறுதியான கதிரையிலிருந்து குளித்தல் வெட்கப்படத்தக்கதன்று. தேய்ந்த றப்பர்ச் செருப்பை எறிந்துவிட்டு, குதிகாலையும் பிடிக்கும் பாதணியை அணிக.

பொல்லுப் பிடிப்பதை முதுமையின் முத்திரையென்று பலர் நாணுகின்றனர். பொல்லு நான்காஞ் சாட்சி. தரையின் செய்தியைக் கை வழியே மூளைக்குச் சொல்வது. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகின்றதோ, அதுவே பொல்லின் சரியான உயரம். ஒரு கால் பலவீனமாயின் எதிர்ப்புறக் கையிலே பிடித்தல் வேண்டும்.

கோயில் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெயிலில் நெடுநேரம் அசையாது நிற்கும்போது குருதி கால்களில் தேங்கும். நிற்கையில் குதிகாலை அடிக்கடி உயர்த்தித் தாழ்த்துக. இயலாதபோது நிழலில் அமர்ந்து கும்பிடுக. பாதம் மரத்தவர்கள் சுடுமணலில் வெறுங்காலுடன் நடந்து புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அதிகாலைப் பூசையே அவர்களுக்கு ஏற்றது. படுக்கையிற் புரண்டாலே தலை சுற்றுபவர்கள் பிரதட்டை செய்ய முயலுதல் ஆகாது. கந்தசட்டியின் ஆறு நாளும் விரதமிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளர், முன்கூட்டியே வைத்தியரைக் கண்டு மருந்தளவை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

உற்றாருக்கு

நடக்கும் நோயாளியின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். தள்ளாட்டம் வரும்போது பிடியை இறுக்கும் உரிமை அவரிடமே இருக்கட்டும். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், திரும்பும்போதே பலர் விழுகின்றனர். “ஒன்றுமில்லை, பயப்படாதேயுங்கோ” என்பதிலும், “இப்ப எப்படி இருக்குது? இருக்கப் போறீங்களா, நிக்கப் போறீங்களா?” என்று கேட்பது ஆயிரம் மடங்கு ஆறுதல் தரும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். ஊரிலே தனித்திருக்கும் தாய் தந்தையர் தொலைபேசி மணி கேட்டதும் விரைந்தெழுந்து விழுவதுண்டு. குறித்த நேரத்தில் பேசுங்கள். எடுக்கச் சுணங்கினால் நீங்களே மறுபடியும் எடுங்கள். மணிக்காக ஓட வேண்டாமென்று அவர்களுக்கு முன்னரே சொல்லி வையுங்கள்.

தாமதிக்கலாகாத வேளை

தலைச்சுற்றோடு முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், இதுவரை அறியாத கடுந் தலையிடி, நெஞ்சு நோ, நினைவு தப்புதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பிடியின்றி ஓரடியும் எடுக்க இயலாவிட்டாலும், உறங்கியெழுந்தால் மாறிவிடும் என்று காத்திருத்தல் கூடாது. பாரிசவாதமாயின் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதி அழிந்துகொண்டிருக்கும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். தலையில் அடிபட விழுந்தவர் குருதி உறையாதிருக்கும் குளிசை உண்பவராயின், வலியில்லாவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நீண்டநாள் நோய் நம்மோடு ஒரே வீட்டில் வாழ வந்த விருந்தாளி. போகச் சொன்னால் போகாது. ஆனால் வீட்டின் எந்த அறையில் அது இருக்க வேண்டும் என்பதை ஓரளவுக்கு நாம் தீர்மானிக்கலாம். இன்று மாலை, இவ்விதழை மடித்து வைத்தபின், சுவரோரக் கதிரையில் அமர்ந்து ஐந்து முறை எழுந்திருங்கள். வீட்டில் தள்ளாடும் பெரியவர் இருந்தால் அவர் அருகில் நின்று, அவரையும் எழச் செய்யுங்கள். நாளை ஆறாகட்டும். முற்றம் வரை, படலை வரை, கோயில் வரை என்று வழி தானே நீளும்.